எடைக்குறைப்பு ஆபரேஷன்: பத்து வருடம் கழித்து உடம்புக்குள் என்ன நடக்கிறது?

போன ஆடி மாசம் ஒருநாள் ராத்திரி மதுரையிலிருந்து அக்கா போன் செய்தாள். பெரியம்மா மகள். எடுத்தவுடனே குரல் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"தம்பி, சுகர் திரும்ப வந்துருச்சுடா. வயித்தை அறுத்து, அவ்வளவு பணத்தைக் கொட்டி, எல்லாம் வீணாப் போச்சு. உங்க மாமா வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா மூஞ்சியப் பார்த்தாத் தெரியுதுல்ல?"

அக்காவுக்கு 2014-இல் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார்கள். அப்போது 112 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை, இரண்டு வகை மாத்திரை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போதே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒன்றரை வருடத்தில் 74 கிலோவுக்கு வந்தாள். சொந்தக்காரர் கல்யாணங்களில் அவளை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனவர்கள் உண்டு. இப்போது 84 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 138. ஆபரேஷன் தோற்றுவிட்டது, அதுக்குக் காரணம் தன் வாய்தான் என்பது அக்காவின் முடிவு.

நான் மருத்துவர் இல்லை. ஆய்வுக்கட்டுரை படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். அவளுக்குப் பதில் சொல்லணும்னு படிக்க ஆரம்பித்தது நீண்டுபோய் இந்தப் பதிவாகிவிட்டது.

முதலில், என்ன செய்கிறார்கள் என்பது. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராகத் தைத்துவிடுவார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அதைத் தொடாது. இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலையும் தொடாது. இப்போது அதிகமாகச் செய்யப்படும் ஸ்லீவ் வேறு மாதிரி. இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். குடலைத் தொடுவதில்லை.

'பை சின்னது, அதனால் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார்கள், இளைக்கிறார்கள்' என்றுதான் பொதுவாகச் சொல்வோம். 1960-களில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் இந்த பைபாஸை ஆரம்பித்தபோது அவர் நினைத்ததும் ஏறக்குறைய அதுதான். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் பாதியை எடுத்தவர்கள் இளைத்துப் போவதையும், திரும்ப எடை போடச் சிரமப்படுவதையும் கவனித்து அதை ஒரு சிகிச்சையாக்கினார். பிளம்பிங் வேலை மாதிரி ஒரு யோசனை.

அந்தக் கதை உடைந்தது சர்க்கரையால். அமெரிக்காவின் வட கரோலினாவில் வால்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவர் 608 பேருக்கு பைபாஸ் செய்து, 14 வருடம் வரை பின்தொடர்ந்து, 1995-இல் முடிவுகளை வெளியிட்டார். சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. 'யார் நினைத்திருப்பார்கள்?' என்ற பொருளில்தான் கட்டுரையின் தலைப்பே தொடங்குகிறது. அதைவிட ஆச்சரியம், பலருக்கு எடை குறைவதற்கு முன்னாலேயே, ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கியது. அக்காவுக்கும் அப்படித்தான்.

ஏன்? இங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது. சாப்பாடு சீக்கிரமாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியை எட்டுவதால், அங்கே சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சாப்பிட்டவுடன் பல மடங்கு எகிறுகிறது. இன்சுலினைத் தூண்டுவதும் மூளைக்கு 'போதும்' என்று சொல்வதும் அதன் வேலை. (இப்போது எல்லோரும் பேசுகிற ஓசெம்பிக் ஊசி இதே ஹார்மோனைப் போலச் செய்து வைத்ததுதான்.) பித்த அமிலங்களின் அளவும் மாறுகிறது, குடல் பாக்டீரியாவும் மாறுகிறது. எடை கூடாத சர்க்கரை எலிகளுக்கு முன்சிறுகுடலை மட்டும் ஒதுக்கித் தைத்து, இளைக்காமலேயே சர்க்கரை குறைவதைக் காட்டினார் பிரான்செஸ்கோ ரூபினோ. ஆக, குடலே ஒரு பெரிய ஹார்மோன் சுரப்பி, அதன் வயரிங்கை மாற்றியதால் நோய் போனது என்ற கட்சி பலமானது.

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் 2011-இல் கத்தியே இல்லாமல், தினம் 600 கலோரி உணவை மட்டும் கொடுத்தார். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. அப்படியென்றால் ஆபரேஷன் முடிந்த முதல் வார அதிசயத்தில் பெரும்பங்கு வெறும் பட்டினிதானோ? 2020-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சாமுவேல் கிளைன் குழு இன்னும் நேராகவே கேட்டது. சர்க்கரை உள்ள 11 பேர் உணவுக் கட்டுப்பாட்டில், 11 பேர் பைபாஸில். இரண்டு பக்கமும் சுமார் 18 சதவீதம் எடை குறைந்த பிறகு ஒப்பிட்டார்கள். இன்சுலினுக்கு உடம்பு காட்டும் ஒத்துழைப்பு, கணையத்தின் நிலை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறியிருந்தன.

எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடித்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் கேள்வியை இடம் மாற்றி வைக்கிறது. எடை குறைந்தால் சர்க்கரை குறையும், எந்த வழியில் குறைந்தாலும். சரி, அந்த எடையை உணவுக் கட்டுப்பாட்டில் எத்தனை பேரால் வருடக்கணக்கில் பிடித்து வைத்திருக்க முடிகிறது? ஆபரேஷனின் உண்மையான வேலை பசியில் நடக்கிறது என்பது என் கருத்து.

டயட் இருந்து இளைத்தவர்களுக்குத் தெரியும். இளைக்க இளைக்கப் பசி கூடும். அது மன பலவீனம் இல்லை. 1999-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட கிரெலின் என்ற ஹார்மோன், முக்கியமாக இரைப்பையில் சுரந்து பசியைக் கிளப்புகிறது. 2002-இல் டேவிட் கம்மிங்ஸ் குழு அளந்து பார்த்தபோது, டயட்டில் 17 சதவீதம் இளைத்தவர்களுக்கு இது 24 சதவீதம் கூடியிருந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கோ சாதாரண எடை உள்ளவர்களைவிட 77 சதவீதம் குறைவு. பைபாஸ் பக்கம் ஐந்தே பேர்தான் என்பதையும் சொல்லிவிடணும்; பின்னால் வந்த ஆய்வுகள் பைபாஸ் விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. கிரெலின் சுரக்கும் பகுதியையே வெட்டி எடுக்கும் ஸ்லீவில் அது குறைவது தெளிவு.

அக்கா அந்த முதல் வருடத்தைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது: "பிரியாணி வாசம் வந்தாக்கூட, யாரோ பக்கத்து வீட்டுல சமைக்கிற மாதிரி இருக்குடா. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி." நாற்பது வருடமாக மன உறுதி இல்லாதவள் என்று பேர் வாங்கியவள். ஒரே வாரத்தில் மன உறுதி வந்துவிடுமா என்ன? மூளைக்குப் போகிற தந்தி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த மாற்றம் நிரந்தரமா? பாதி நிரந்தரம். இதைப் புரிந்துகொள்ள கொழுப்பணுக்களைப் பற்றி ஒரு சங்கதி சொல்லணும். 1950-60-களில் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அந்தந்த வருடத்துக் காற்றின் அளவு அப்போது பிறக்கும் உயிரணுக்களின் டிஎன்ஏவில் முத்திரையாகப் பதிந்துவிடும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு இதை வைத்துக் கொழுப்பணுக்களின் வயதைக் கணக்கிட்டு 2008-இல் வெளியிட்டது. வருடத்துக்குப் பத்து சதவீதம் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. எடைக்குறைப்பு அறுவை செய்தவர்களை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், கொழுப்பணுக்கள் சுருங்கியிருந்தன. எண்ணிக்கை குறையவே இல்லை. காலிக் குடங்கள் அத்தனையும் வரிசையில் அப்படியே நிற்கின்றன. குடம் நிறைந்திருக்கும்போது லெப்டின் என்ற ஹார்மோன் வழியாக மூளைக்குச் செய்தி போகும். காலியானால் செய்தி குறையும். மூளை அதைப் பஞ்சம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

பஞ்சம் என்று நினைத்தால் உடம்பு செலவைக் குறைக்கும். அமெரிக்காவில் 'த பிக்கஸ்ட் லூசர்' என்ற டிவி நிகழ்ச்சியில் கடும் டயட்டும் உடற்பயிற்சியுமாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் குழு அளந்தது. பெரும்பாலோர் எடையைத் திரும்பப் போட்டிருந்தார்கள். ஆனாலும் அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரி, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 குறைவாகவே இருந்தது. அதே நிகழ்ச்சிக்காரர்களை பைபாஸ் செய்தவர்களோடு ஜோடி சேர்த்து ஒப்பிட்ட இன்னொரு ஆய்வும் உண்டு. பைபாஸ்காரர்களுக்கு ஆறாம் மாதத்தில் இந்தச் சரிவு தெரிந்தது. பன்னிரண்டாம் மாதத்தில் குறிப்பிடும்படி இல்லை. உடம்பு ஏதோ ஒரு விதத்தில் புதிய எடையோடு சமாதானம் செய்துகொள்கிறது. முழுச் சமாதானம் இல்லை என்பதற்கு அக்காவின் பத்துக் கிலோ சாட்சி.

இனி நீண்டகாலக் கணக்கு. இதில் பெரிய ஆதாரம் ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய எஸ்ஓஎஸ் ஆய்வு. லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் 2,010 பேர் அறுவை செய்துகொண்டார்கள். அவர்களைப் போன்ற 2,037 பேர் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள். குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்த அறுவையில் உயிரிழப்பு அதிகம் என்று நெறிமுறைக் குழு அதற்கு அனுமதிக்கவில்லை. இன்னொரு குறை, அதில் பைபாஸ் செய்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே, ஸ்லீவ் கிடையாது. பெரும்பாலானவை இன்று கைவிடப்பட்ட பழைய முறைகள். இருந்தாலும் இவ்வளவு வருடம் விடாமல் பின்தொடர்ந்த ஆய்வு வேறு எங்கே இருக்கிறது?

அதில் பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32 சதவீதம் இளைத்தார்கள். பத்தாம் வருடத்தில் அது 25 சதவீதம். அக்காவின் 112-ஐயும் 74-ஐயும் 84-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டேன். 34 சதவீதம், பிறகு 25 சதவீதம். ஸ்வீடன்காரர்கள் என்ன மதுரைக்கு வந்து பரோட்டா சாப்பிட்டார்களா? உடம்பு எல்லா ஊரிலும் கொஞ்சம் திரும்பிப் போகத்தான் பார்க்கிறது. இதை அவளிடம் சொன்னபோது ஒரு நிமிடம் பேச்சே இல்லை.

சர்க்கரையும் அதே மாதிரி. எல்லா அறுவை முறைகளையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாம் வருடத்தில் 72 சதவீதம் பேர் சர்க்கரை நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள். பத்தாம் வருடத்தில் 36 சதவீதம். பதினைந்தாம் வருடத்தில் 30. அறுவைக்கு முன் எத்தனை வருடம் சர்க்கரை இருந்தது என்பது இதில் முக்கியம். அத்தனை வருடமும் ஓவர்டைம் பார்த்த கணையத்தின் பீட்டா அணுக்கள் ஓய்ந்துபோயிருக்கும். எடை குறைந்தால் அவற்றின் சுமை இறங்கும். செத்த அணு எழுந்து வராது. ஆறு வருடம் சர்க்கரையோடு இருந்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனவள் அக்கா.

அப்போ வீண்தானா? இல்லை. இந்த இடத்தை அவளுக்கு இரண்டு தடவை சொன்னேன். அதே ஆய்வில், அறுவை செய்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் வரும் சர்க்கரைப் பாதிப்புகள் மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவு. திரும்ப வந்தவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். எட்டு வருடம் சர்க்கரை இல்லாமல் ஓடிய ரத்தக்குழாய்களுக்கு அந்த எட்டு வருடம் லாபம்தான். 2020-இல் வந்த கணக்குப்படி அறுவை செய்தவர்கள் செய்யாதவர்களைவிடச் சராசரியாக மூன்று வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். பொது மக்களோடு ஒப்பிட்டால் அப்போதும் ஐந்தரை வருடம் குறைவு. விளம்பரப் பலகைகளில் முதல் பாதியை மட்டும் போடுவார்கள்.

நம்மூரில் யாரும் பேசாத பகுதிக்கு வருகிறேன். அன்றைக்கு அக்கா போகிற போக்கில் ஒன்று சொன்னாள்: "ஒரு வருஷமா காலு மதமதன்னு இருக்கு. செருப்பு கழண்டதுகூடத் தெரிய மாட்டேங்குது." பக்கத்து கிளினிக்கில் காட்டியிருக்கிறாள். சர்க்கரை திரும்பியிருக்கிறது, அதனால் நரம்பு என்று சொல்லி மெட்பார்மின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் "பி12 பார்த்தியா அக்கா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் முதல் ரெண்டு வருஷம் போட்டேன், நல்லாத்தானே இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

பி12 உடம்பில் சேர இரைப்பையின் அமிலமும், இரைப்பை சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். பைபாஸில் சாப்பாடு அந்தப் பெரிய இரைப்பை வழியாகப் போவதே இல்லை. ஆனால் உடனே ஒன்றும் தெரியாது. கல்லீரலில் சில வருடங்களுக்கான பி12 கையிருப்பு இருக்கும். அதைக் கரைத்துக்கொண்டே உடம்பு நன்றாக நடக்கும். ஐந்தாம் வருடமோ ஏழாம் வருடமோ கையிருப்பு தீரும்போது, ஆபரேஷன் நடந்ததையே எல்லோரும் மறந்திருப்பார்கள். முதல் அறிகுறியே கால் மரத்துப்போவதாக இருக்கலாம். சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பும் பார்க்க அப்படியேதான் இருக்கும். மெட்பார்மினும் பி12-ஐக் குறைக்கும் மருந்து என்பது இதில் கொடுமை. போலிக் அமில மாத்திரை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தசோகைகூட வெளியே தெரியாது. நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ரொம்ப நாள் விட்டால் பாதிப்பு முழுசாகத் திரும்பாது.

பரிசோதித்தார்கள். பி12 அடிமட்டத்தில் இருந்தது. இரும்புச்சத்தும் குறைவு. அது முக்கியமாக உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில், பைபாஸில் சாப்பாடு அதைத் தாண்டிப் போய்விடுகிறதே. இரும்புக் குறைவில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று படித்ததும் எனக்கு ஒரு நப்பாசை வந்தது. வெறும் வயிற்று 138 அதை அடித்துவிட்டது. சர்க்கரை வந்தது வந்ததுதான். ஆனால் கால் மரத்ததுக்கு அது மட்டும் காரணம் இல்லை. இப்போது ஊசி போகிறது. நான்கு மாதத்தில் ஒரு காலில் உணர்ச்சி நன்றாகத் திரும்பியிருக்கிறது. இன்னொன்று பாதி.

மாத்திரையும் வேலை செய்யும். அந்தப் புரதம் இல்லாமலே பி12-இல் சுமார் ஒரு சதவீதம் தானாக உள்ளே போகும். ஆயிரம் மைக்ரோகிராம் போட்டால் பத்து கிடைக்கும். ஒரு நாளைக்குத் தேவை இரண்டு சொச்சம்தான். விஷயம் என்னவென்றால் இதை ஆயுசுக்கும் போடணும். எவ்வளவு, எந்த வடிவில் என்பதை உங்கள் மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்வார்.

இன்னொரு தாமத விளைவு இதைவிட விசித்திரம். மூன்றாம் வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் சாப்பிட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து அக்கா வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறி உட்கார்ந்துவிட்டாள். கண் திருஷ்டி என்று சுற்றிப் போட்டார்கள். உண்மையில் அது சர்க்கரை அதலபாதாளத்துக்கு விழுந்தது. இனிப்பு ஒரே வேகத்தில் குடலில் இறங்குகிறது, ஜிஎல்பி-1 எகிறுகிறது, இன்சுலின் தேவைக்கு மேல் பாய்கிறது. 2005-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படி ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். கணையத்தில் இன்சுலின் அணுக்கள் பெருகிவிட்டன என்றார்கள், அது சர்ச்சையானது. ஜிஎல்பி-1 வேலை செய்யும் வாசலை மருந்தால் அடைத்தால் இந்தச் சரிவு நிற்கிறது என்று பின்னால் தெரிந்தது. வரம் தந்த ஹார்மோனேதான். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகே இது வரும். மயக்கம் வந்த நேரத்தில் இனிப்பு கொடுத்துத் தூக்கிவிடத்தான் வேண்டும். ஆனால் அதோடு விட்டால் இன்னொரு ஏற்றம், இன்னொரு இறக்கம். மாவுச்சத்தைக் குறைத்து, பருப்பு, முட்டை, தயிர் என்று சேர்த்து, சின்னச் சின்ன வேளைகளாகச் சாப்பிடுவதுதான் முதல் வைத்தியம்.

பைபாஸுக்குப் பிறகு மதுவும் வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. குடிப் பிரச்சினை இரண்டாம் வருடத்திலிருந்து கூடுவதை அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-இல் காட்டியது. ஆண்களுக்கு இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். சிறுநீரகக் கல்லும் கூடும். செரிக்காத கொழுப்பு குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், ஆக்சலேட் தனியாக ரத்தத்துக்குள் போய்விடுகிறது.

எலும்பு விஷயம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. எடை குறையும்போது எலும்பு கொஞ்சம் மெலிவது இயல்பு, சுமை குறைகிறதே. ஆனால் பைபாஸ் செய்தவர்களுக்கு எடை ஒரு நிலைக்கு வந்த பிறகும், கால்சியம், வைட்டமின் டி போட்டுக்கொண்டிருந்தாலும்கூட, இடுப்பு எலும்பு மெலிவது தொடர்கிறது. ஸ்வீடன் ஆய்விலும் எலும்பு முறிவு அதிகம் பைபாஸ் குழுவில்தான். அக்காவுக்கு 51 வயது, மாதவிடாய் நின்று இரண்டு வருடம். கால் மரத்து இரண்டு முறை தடுக்கி விழுந்தும் இருக்கிறாள். இதுவரை யாரும் அவளுக்கு எலும்பு அடர்த்தி பார்க்கவில்லை.

ஆபரேஷன் பண்ணியிருக்கவே கூடாதோ என்று போன வாரம் அவளே கேட்டாள். பண்ணியது சரி என்றேன். வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குக் கட்டாயம் வரணும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில், கடைசிப் பக்கத்தில். மாமா இப்போது அதைத் தேடி எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். அடுத்த மாதம் எலும்பு ஸ்கேன். ரிப்போர்ட் வந்ததும் எலும்பைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.